யாருமில்லாத காடு: அமெரிக்க ‘வனாந்தரம்’ பற்றி ஓர் அறிமுகம்

2021 செப்டம்பரில், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், காட்டுத் தீ நெருங்கிக்கொண்டிருக்க, தீயணைப்பு வீரர்கள் ஒரு மரத்தின் அடிப்பகுதிக்கு அலுமினியப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். ஓட்டலில் பரோட்டா மடித்துத் தரும் வெள்ளித்தாளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் புகைப்படம் சிரிப்பைக்கூட வரவழைத்திருக்கும். மரத்தின் பெயர் ஜெனரல் ஷெர்மன். செக்கோயா இனம், பருமனில் உலகிலேயே பெரிய மரம். உயரம் 83 மீட்டருக்கு மேல். அடிமரத்தின் சுற்றளவு 31 மீட்டர். இருபது பேர் கை கோத்து நின்றால்தான் கட்டிப்பிடிக்க முடியும். வயது ஏறத்தாழ 2,200 ஆண்டுகள்.

இத்தனை வயதில் அது எத்தனையோ தீயைப் பார்த்திருக்கிறது. செக்கோயாவின் பட்டை இரண்டடி வரை தடிக்கும். நாராக, பஞ்சுபோல இருக்கும். பிசின் குறைவு என்பதால் எளிதில் பற்றாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஊர்ந்துபோகும் சிறு தீ அந்த மரத்துக்குப் பழகிய விருந்தாளி. அப்படிப்பட்ட மரத்துக்குத் திடீரென்று எதற்காகப் போர்வை?

இதற்குப் பதில் தேடினால் பாதி தாவரவியலில் கிடைக்கும். மீதிப் பாதி ஒரு சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘வில்டர்னெஸ்’ என்பார்கள். அமெரிக்கர்கள் தங்கள் நிலத்தை எப்படிப் பார்த்தார்கள், பார்த்த பார்வைக்கு ஏற்றபடி அதை எப்படி மாற்றினார்கள் என்று புரிந்துகொள்ள இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனாலே வெகுதூரம் போய்விடலாம்.

தமிழில் இதற்கு நேரான சொல் தேடினால் தடுமாற்றம்தான். ‘காடு’ என்று சொல்லலாம். ஆனால் கொங்குப் பக்கம் ‘காட்டுக்குப் போயிருக்கிறார்’ என்றால் சோளம் விதைத்த நிலத்துக்குப் போயிருக்கிறார் என்று பொருள். விறகு, தேன், மேய்ச்சல், குலதெய்வம் என்று நம் காட்டுக்குள் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். வில்டர்னெஸ் என்பதோ ஆளே இல்லாத இடம். அந்தப் பொருளுக்கு நெருங்கி வருவது தமிழ் விவிலியத்தின் ‘வனாந்தரம்’. இஸ்ரவேலர் நாற்பது ஆண்டுகள் அலைந்த வனாந்தரம். ‘வனாந்தரத்திலே கூப்பிடுகிறவனுடைய சத்தம்’. கேட்டதும் வெறுமையும் தாகமும் சோதனையும் நினைவுக்கு வருகின்றன. இந்தக் கட்டுரையிலும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் உண்டு: 1620-இல் மேஃபிளவர் கப்பலில் வந்து இறங்கிய ஆங்கிலேயர்களுக்கும் சொல் அங்கிருந்துதான் வந்தது. அவர்கள் விவிலியத்தில் ஊறியவர்கள். அவர்களுடைய குடியேற்றத்துக்குப் பல ஆண்டுகள் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டு, தாங்கள் கண்ட கரையைக் காட்டு விலங்குகளும் காட்டு மனிதர்களும் நிறைந்த கொடிய, பாழ் வனாந்தரம் என்றே எழுதிவைத்தார்.

ஆனால் அவர்கள் வீடு கட்டிக்கொண்ட இடம் பட்டுக்ஸெட் என்ற ஊர். வாம்பனோவாக் மக்களின் ஊர். மரம் வெட்டித் திருத்திய மக்காச்சோள வயல்கள் அங்கே ஏற்கெனவே இருந்தன. 1616-க்கும் 1619-க்கும் இடையில், ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த தொற்றுநோய் ஊரையே துடைத்துவிட்டிருந்தது. ஆட்கள் செத்துப்போன ஊருக்குள் நுழைந்தவர்கள் அதை ஆள் இல்லாத வனாந்தரம் என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்த முந்நூறு ஆண்டுகளில் கண்டத்தின் குறுக்கே இதே பிழை பல முறை நடந்தது. சில இடங்களில் தெரியாமல். பல இடங்களில் நன்றாகத் தெரிந்தே.

சங்கிலியால் அளந்த கண்டம்

வனாந்தரம் எதிரி என்றால் அதை வெல்ல வேண்டும். கோடரியும் துப்பாக்கியும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால் அவற்றைவிட வலிமையான ஆயுதம் ஒரு சங்கிலி.

66 அடி நீளம், 100 வளையங்கள். நம் ஊரில் வெள்ளைக்காரன் காலத்து சர்வேயர் வயலின் குறுக்கே இழுத்த சங்கிலியும் இதே கணக்குதான். 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். விடுதலை பெற்ற அமெரிக்க அரசிடம் பணம் இல்லை, போரில் வாங்கிய கடன் இருந்தது, மேற்கே நிலம் இருந்தது. விற்க வேண்டுமானால் அளக்க வேண்டும். 1785-இல் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது: நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக வெட்டு, ஒவ்வொரு சதுரத்தையும் 36 துண்டுகளாக்கு, ஒரு துண்டு ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், அவற்றில் 16-ஆம் எண் துண்டைப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கு. அளவை ஒஹாயோ ஆற்றங்கரையில் தொடங்கியது.

ஆறு வளைகிறதா, மலை குறுக்கே வருகிறதா என்பதெல்லாம் கோட்டுக்குப் பொருட்டில்லை. இன்றும் ஐயோவா, கான்சாஸ் மாநிலங்களுக்கு மேலே விமானத்தில் பறந்தால் ஜன்னலுக்கு வெளியே சதுரங்கப் பலகை விரித்த மாதிரித் தெரியும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பூமி உருண்டை. வடக்கு தெற்காகப் போகும் கோடுகள் வடக்கே போகப் போக நெருங்கிவரும். தட்டையான சதுரத்தை உருண்டையின் மேல் ஒட்டினால் கணக்கு உதைக்கும். அதனால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை கோட்டைச் சற்று நகர்த்தித் திருத்தினார்கள். கோட்டை ஒட்டிப் போட்ட சாலைகளும் அந்த இடங்களில் நகர்ந்தன. மைல்கணக்காக நேராகப் போய்க்கொண்டிருக்கும் கிராமத்துச் சாலை, எந்தக் காரணமும் தெரியாமல் ஓரிடத்தில் சட்டென்று இடப்பக்கம் ஒடிந்து மறுபடி நேராகிறதென்றால், வண்டி ஓட்டுபவர் அங்கே கடந்துபோவது பூமியின் வளைவை.

1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் இந்த ஒரு சதுர மைல் துண்டில் கால் பங்கை, அதாவது 160 ஏக்கரை, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்பவருக்கு ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்தது. உலகின் பல மூலைகளிலிருந்தும் ஏழைகள் வந்து வாழ்ந்தார்கள் என்பதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் அந்த நிலம் ஏற்கெனவே வேறு மக்களுடையது. அவர்கள் உணவுக்கு நம்பியிருந்த காட்டெருமைகளுக்கு என்ன ஆனது என்பதைச் சொன்னாலே போதும்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோடிக்கணக்கில் மேய்ந்தவை, 1889-இல் எண்ணிப் பார்த்தபோது கண்டம் முழுவதிலும் 1,100-க்கும் குறைவு. தோலை உரித்துக்கொண்டு உடலை அப்படியே விட்டுப்போனார்கள். பின்னர் எலும்பைப் பொறுக்கி உரத்துக்கு விற்றார்கள்.

சதுரத்தின் இன்னொரு கோளாறு மழையில் வெளிப்பட்டது. கிழக்கே 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். மேற்கே போகப் போக ஆண்டு மழை 20 அங்குலத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அங்கே அதே 160 ஏக்கரில் பிழைக்க முடியாது. ஜான் வெஸ்லி பவல் என்ற நிலவியலாளர், உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர், கொலராடோ ஆற்றில் படகில் போய் கிராண்ட் கேன்யனைக் கடந்தவர், 1878-இலேயே இதை அரசுக்கு எழுதிக்கொடுத்தார். பாசன வசதி இருந்தால் 80 ஏக்கர் போதும். மேய்ச்சல் நிலமானால் 2,560 ஏக்கர் வேண்டும் என்றார். யார் கேட்டார்கள்? ‘ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னால் வரும்’ என்ற நம்பிக்கை அப்போது அமோகமாக விற்றுக்கொண்டிருந்தது. உழுதால் மழை பெய்யும் என்று படித்தவர்களே எழுதினார்கள்.

முதல் உலகப் போரில் கோதுமைக்கு நல்ல விலை. சமவெளியின் புல்வெளியை டிராக்டர் வைத்து உழுது தள்ளினார்கள். அந்தப் புல்லின் வேர்கள்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன. 1930-களில் மழை பொய்த்தது. பயிர் கருகியது. பிடித்துவைக்க ஒன்றும் இல்லாத மண்ணைக் காற்று தூக்கிக்கொண்டது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் ஓக்லஹோமா, டெக்சாஸ் பகுதிகளைக் கருந்திரைபோல் மூடிய புழுதிச் சுவரைப் பார்த்தவர்கள் உலகம் முடியப்போகிறது என்றே எண்ணினார்கள். முந்தைய ஆண்டு எழுந்த ஒரு புழுதிப் புயல் கிழக்கே நியூயார்க் வரை போனது. அட்லாண்டிக் கடலில் நின்ற கப்பல்களின் மேல்தளத்திலும் படிந்தது. அந்தக் கறுப்பு ஞாயிறு கழிந்து இரண்டு வாரத்துக்குள் மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. நிலத்தின் மேட்டுப்பள்ளத்தை ஒட்டி வளைந்து உழ வேண்டும் என்று அரசே விவசாயிக்குக் காசு கொடுத்துக் கற்றுக்கொடுத்தது. சதுரக் கட்டத்துக்குள் வளைந்த உழவுச்சால்கள் பரவலானது அப்போதுதான்.

நடன மேடையான மரம்

இனி செக்கோயாவுக்கு வருவோம். 1852-இல் கலிபோர்னியாவின் கலவெராஸ் பகுதியில் அகஸ்டஸ் டௌட் என்ற வேட்டைக்காரர் அடிபட்ட கரடி ஒன்றைத் துரத்திப் போனபோது இந்த மரங்களுக்கு நடுவே போய் நின்றார். முகாமுக்குத் திரும்பிச் சொன்னால் யாரும் நம்பவில்லை. மிகப் பெரிய கரடியைச் சுட்டுப்போட்டிருப்பதாகப் பொய் சொல்லித்தான் ஆட்களை அழைத்துவந்து மரத்தைக் காட்டினார் என்பது அந்த ஊர்க் கதை. (தங்கம் தேடி வந்தவர்கள் பார்ப்பதற்குள் அந்தப் பகுதியின் மிவோக் மக்கள் தலைமுறை தலைமுறையாக அதே மரங்களைப் பார்த்திருந்தார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.)

அடுத்த ஆண்டே மரத்தை வெட்டினார்கள். விறகுக்காக இல்லை, காட்சிக்காக. அவ்வளவு பெரிய மரத்தை அறுக்க வாள் கிடையாது. நீர்க்குழாய் துளைக்கும் நீண்ட துரப்பணங்களால் சுற்றிலும் ஓட்டை போட்டார்கள். ஐந்து ஆட்கள், 22 நாள். முழுதும் துளைத்த பிறகும் மரம் தன் எடையிலேயே நின்றது. ஆப்பு அடித்துச் சாய்க்க வேண்டியிருந்தது. பட்டையைக் காட்சிக்குக் கொண்டுபோனார்கள். மிஞ்சிய அடிக்கட்டையை இழைத்து நடன மேடையாக்கினார்கள். விழுந்து கிடந்த தண்டின் மேல் பந்துருட்டி விளையாடும் கூடம் அமைத்தார்கள். பக்கத்தில் இருந்த இன்னொரு மரத்தை 1854-இல் நிற்கும்போதே உரித்து, பட்டையை லண்டன் வரை அனுப்பினார்கள். உரிக்கப்பட்ட மரம் காய்ந்து செத்தது. அதன் கரிந்த கூடு இன்னும் அங்கே நிற்கிறது.

பார்வை திரும்புவது இந்த இடத்தில்தான். காட்சியைப் பார்த்த சிலர் வியந்தார்கள். சிலர் ஏமாற்று வேலை என்றார்கள். சிலருக்கு வெட்கமாக இருந்தது. ஐரோப்பாவில் தேவாலயங்களும் கோட்டைகளும் இருக்கின்றன, நம்மிடம் என்ன இருக்கிறது என்று குறுகிப்போயிருந்த இளம் நாட்டுக்கு, இந்த மலைகளும் மரங்களும்தான் நம்முடைய பழங்காலக் கோவில்கள் என்று ஓர் எண்ணம் முளைத்தது. 1861-இல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற புகைப்படக்காரர், கோவேறு கழுதைகளின் முதுகில் பெரிய கண்ணாடித் தகடுகளை ஏற்றிக்கொண்டு சியரா மலையின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போய்ப் படம் எடுத்துவந்தார். வாஷிங்டனில் பலர் அந்த இடத்தை முதலில் கண்டது அந்தப் படங்களில்தான்.

1864. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருக்கிறது. கலிபோர்னியாவின் செனட்டர் ஜான் கான்னஸ் எழுந்து, யோசெமிட்டிப் பள்ளத்தாக்கையும் மரிப்போசா செக்கோயாத் தோப்பையும் மக்கள் பார்வைக்கென்று ஒதுக்கச் சொல்கிறார். அவர் சொன்ன நியாயம் கவனிக்கத்தக்கது: இந்த நிலம் வேறு எந்தப் பொதுப் பயனுக்கும் உதவாதது, ஆனால் உலக அதிசயம். லண்டனில் காட்டிய செக்கோயாத் துண்டை ஆங்கிலேயர்கள் அமெரிக்கர்களின் புனைசுருட்டு என்று சொல்லிவிட்ட கோபமும் அவர் பேச்சில் இருந்தது. லிங்கன் ஜூன் 30 அன்று கையெழுத்திட்டார். 1872-இல் யெல்லோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்கா ஆனது. உழவுக்கும் சுரங்கத்துக்கும் ஆகாது என்று நிரூபித்தால்தான் ஓர் இடத்தைக் காப்பாற்ற முடியும் என்ற வழக்கம் நெடுநாள் நீடித்தது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பாறையும் பனியும் மிகுதியாகவும் நல்ல வண்டல் நிலம் அரிதாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கோவில் என்று முடிவாகிவிட்டால் அங்கே குடியிருப்பவர்களை என்ன செய்வது? யோசெமிட்டியில் கேள்வி எழுவதற்கு முன்பே பதில் கிடைத்திருந்தது. 1851-இல் மரிப்போசா படை என்ற தன்னார்வப் படை பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களின் குடிசைகளையும் கருவாலிக்கொட்டை (ஓக் மரக் கொட்டை) சேமித்திருந்த களஞ்சியங்களையும் எரித்தது. அந்தப் படையில் இருந்த லஃபாயெட் பன்னெல் பிற்பாடு எழுதிய ஒரு சம்பவத்தை என்னால் மறக்க முடிவதில்லை. பிடிபட்ட தலைவர் தெனாயாவிடம், மலைமேல் உள்ள அழகான ஏரிக்கு உங்கள் பெயரை வைக்கப்போகிறோம் என்று பன்னெல் பெருந்தன்மையோடு சொல்கிறார். அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது, நாங்கள் பைவியாக் என்போம் என்கிறார் தெனாயா. உங்கள் பெயர் என்றும் நிலைக்கும் என்று பன்னெல் விளக்கியும் கிழவரின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. நிலம் போனதற்குப் பெயர் ஈடாகாது என்று அவர் நினைத்ததாகத் தெரிந்தது என்று பன்னெலே எழுதுகிறார். வரைபடத்தில் இன்றும் அது தெனாயா ஏரிதான்.

துரத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்து, விடுதிகளில் வேலை செய்தும் கூடை முடைந்து விற்றும் பள்ளத்தாக்கிலேயே வாழ்ந்தார்கள். அவர்கள் கிராமத்தின் கடைசி வீடுகள் 1969-இல் இடிக்கப்பட்டன.

கோவிலா, குளமா?

இந்தக் கோவில் பார்வைக்கு மிகப் பெரிய குரல் ஜான் மியூர். ஸ்காட்லாந்தில் பிறந்து விஸ்கான்சின் பண்ணையில் வளர்ந்தவர். சியராவில் ஆடு மேய்க்கப் போய், ஆடுகளைப் புல்வெளியை அழிக்கும் குளம்புள்ள வெட்டுக்கிளிகள் என்று திட்டியவர். 1892-இல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார். 1903-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவரோடு யோசெமிட்டியில் கூடாரம் போட்டுத் தங்க, இரவில் பனி பெய்து போர்வையை மூடியது. பாறையையும் மரத்தையும் சகோதரர்போல் பேசிய மியூர், மலையில் எதிர்ப்பட்ட பூர்வகுடிகளை அழுக்கானவர்கள், இந்த நிலக்காட்சிக்குப் பொருந்தாதவர்கள் என்ற தொனியில் எழுதினார். அவர் எழுத்தை விரும்புகிறவர்களுக்கு இது நெருடும், நெருடவும் வேண்டும்.

அவருக்கு எதிர்முனையில் கிஃபோர்டு பின்ஷோ. அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர். காடு என்பது முதலீடு, வட்டியை மட்டும் எடுத்துச் செலவழி, முதலைத் தொடாதே என்பது அவர் வழி. மரம் வெட்டலாம், அளவோடு வெட்ட வேண்டும். ஆற்றைத் தேக்கலாம், பலருக்குப் பயன்பட வேண்டும். தொடாதே என்பவரும் அளவோடு தொடு என்பவரும் வெகுகாலம் ஒரே அணியில்தான் நின்றார்கள். அவர்களைப் பிரித்தது ஹெட்ச் ஹெட்சி என்ற பள்ளத்தாக்கு.

1906 நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் சான் பிரான்சிஸ்கோ எரிந்தது. நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும். யோசெமிட்டித் தேசியப் பூங்காவின் எல்லைக்குள்ளேயே இருந்த ஹெட்ச் ஹெட்சியில் அணை கட்டக் கேட்டார்கள். பின்ஷோ ஆதரித்தார். மியூர் கொதித்தார்: ஹெட்ச் ஹெட்சியைத் தேக்குவதென்றால் மக்களின் தேவாலயங்களையும் தண்ணீர்த் தொட்டியாக்கிவிடுங்கள் என்றார். 1913 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. அடுத்த டிசம்பரில் மியூர் இறந்தார். 1923-இல் அணை எழுந்தது. இன்றும் அந்நகரத்தில் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். குடிக்கச் சுவையாக இருக்கும் என்பது ஊரார் பெருமை. மியூரைப் போற்றும் வீடுகளிலும் அதைத்தானே குடிக்கிறார்கள்.

தோற்ற தரப்புக்கு அரை நூற்றாண்டு கழித்து ஒரு வெற்றி கிடைத்தது. 1964-இல் வந்த வனாந்தரச் சட்டம், பிராட்ஃபோர்டு பயந்த அதே சொல்லைப் புகழுரையாக்கி, சட்டத்தின் மொழியில் வரையறுத்தது: பூமியும் அதன் உயிர்க்கூட்டமும் மனிதனால் கட்டுப்படுத்தப்படாமல் இருக்கும் இடம், மனிதன் அங்கே வந்துபோகும் விருந்தினன், தங்குபவன் அல்லன். முதலில் 91 லட்சம் ஏக்கர். இன்று 11 கோடி ஏக்கருக்கு மேல். அங்கே சாலை போடக்கூடாது, மோட்டார் வண்டி கூடாது. பாதையில் விழுந்த மரத்தை அகற்ற வேண்டுமானால் பொதுவாகக் கைவாள்தான்.

இதே பத்தாண்டுகளில் வேறொரு ஓட்டமும் இருந்தது. 1962-இல் ரேச்சல் கார்சன் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி எழுதியது, 1969-இல் கிளீவ்லாந்தில் எண்ணெய் படிந்த கயஹோகா ஆறு தீப்பிடித்தது, 1970-இல் முதல் புவி நாளுக்குச் சுமார் 2 கோடிப் பேர் திரண்டது எல்லாம் தொலைதூர மலையைப் பற்றியவை அல்ல. வீட்டுக் குழாயையும் மூச்சையும் பற்றியவை. அது தனிக் கட்டுரைக்குரிய கதை.

நம் வாசகர்களுக்கு வனாந்தரச் சிந்தனையின் இன்னொரு முகமும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கப் பூங்கா முறை உலகெங்கும் ஏற்றுமதியானது. ஆள் நெருக்கமும் காட்டை நம்பிய வாழ்க்கையும் உள்ள நாடுகளில் இதைப் பெயர்த்து நட்டால் ஏழைகளின் பிழைப்பு பறிபோகும் என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989-இல் ஒரு கட்டுரையில் கண்டித்தார். அமெரிக்கச் சூழலியல் வட்டாரத்தில் அது பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

தீயை நிறுத்திய கதை

இப்போது வெள்ளிப் போர்வைக்குத் திரும்பலாம். 1910 ஆகஸ்டில், இரண்டே நாளில், ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். இளம் வனத்துறைக்கு அது மாறாத வடு. தீ என்றால் எதிரி என்று முடிவாயிற்று. 1935-இல் ஒரு விதியே போட்டார்கள்: எங்கே தீ கண்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும். 1944 முதல் தொப்பி போட்ட ஸ்மோக்கி என்ற கரடி சுவரொட்டிகளில் நின்று, காட்டுத் தீயைத் தடுப்பது உன் கையில் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அதற்கு முன் அந்தக் காடுகளில் தீ எப்படி வந்தது? ஒரு பங்கு மின்னல். இன்னொரு பங்கு மனிதர்கள். சியராவின் பூர்வகுடிகள் பருவம் பார்த்து, காற்று பார்த்து, சிறு தீ வைப்பார்கள். கருவாலி மரத்தடியில் புதர் மண்டாமல் இருந்தால் கொட்டை பொறுக்க எளிது, பூச்சியும் குறையும், மான் மேயப் புதுப்புல் கிடைக்கும். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பார்த்த முதல் வெள்ளையர்கள், இடைவெளி விட்டு நிற்கும் மரங்களும் அகன்ற புல்வெளியுமாக இயற்கை அன்னை அமைத்த பூங்கா என்று மெய்சிலிர்த்தார்கள். அதைப் பூங்காவாக வைத்திருந்தவர்களைத் துரத்திவிட்டார்கள். சில பத்தாண்டுகளில் ஊசியிலை மரங்கள் புல்வெளிக்குள் புகுந்தன. பள்ளத்தாக்கின் முதல் காவலரான கேலன் கிளார்க், பூர்வகுடிகளின் தீ நின்றபிறகு புதர் மண்டிவிட்டது என்று வயதான காலத்தில் எழுதினார்.

செக்கோயாத் தோப்புகளில் நடந்தது இன்னும் நுட்பமானது. செக்கோயாவின் கூம்பு, அதாவது விதையைத் தாங்கும் காய், மரத்தின் பருமனுக்குப் பொருந்தாத சிறுசு; கோழிமுட்டை அளவு. உள்ளே இருநூறு விதைகள்வரை இருக்கும். அந்தக் கூம்பு மூடியபடியே, பச்சையாக, இருபது ஆண்டுகள்கூட மரத்தில் தொங்கும். கீழே தீ பரவி வெப்பம் மேலெழும்போது கூம்பு காய்ந்து விரியும். விதை மழைபோல் உதிரும். அதற்குள் தீ தரையில் கிடந்த சருகையெல்லாம் எரித்து, வெறும் மண்ணையும் சாம்பலையும் மிச்சம் வைத்திருக்கும். நிழல் தரும் சிறுமரங்களும் போயிருக்கும். விதை முளைக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. 1960-களில் ஆய்வாளர்கள் தோப்புகளில் கன்றுகள் அரிதாக இருப்பதைக் கவனித்துக் காரணம் தேடியபோதுதான் இது உறைத்தது. மரத்தைக் காப்பதாக நினைத்துத் தீயை அணைத்து அணைத்து, அதன் அடுத்த தலைமுறையை நிறுத்தியிருந்தார்கள்.

1968 முதல் செக்கோயா, கிங்ஸ் கேன்யன் பூங்காக்களில் பூங்காத் துறையே திட்டமிட்டுத் தீ வைக்கத் தொடங்கியது. சரியான திசைதான். ஆனால் ஒரு நூற்றாண்டின் சருகு ஒரு நாளில் தீராது. புகைக்கு ஊரார் எதிர்ப்பு, கை மீறினால் யார் பொறுப்பு என்ற பயம், ஆள் பற்றாக்குறை என்று பல தோப்புகள் விடுபட்டன. கூடவே வறட்சியும் வெப்பமும் ஏறின. 2020, 2021 ஆண்டுகளின் தீ, தரையோடு ஊர்கிற பழைய விருந்தாளி அன்று. நெருங்கி வளர்ந்த சிறுமரங்களை ஏணியாக்கி உச்சிக்கு ஏறியது. உலகில் உள்ள பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 விழுக்காடு வரை அந்த இரண்டு ஆண்டுகளில் செத்துவிட்டன என்பது பூங்காத் துறையின் மதிப்பீடு. ஜெனரல் ஷெர்மன் தப்பியது. போர்வைதான் படத்தில் விழுந்தது. அந்தத் தோப்பில் முன்பே பல முறை வைத்திருந்த திட்டமிட்ட தீயும் தன் பங்கைச் செய்திருந்தது. மறு ஆண்டு யோசெமிட்டியின் மரிப்போசா தோப்பைத் தீ நெருங்கியபோதும் இதுவே நடந்தது: முன்பே எரித்திருந்த பகுதிக்கு வந்ததும் தீயின் வேகம் தளர்ந்தது.

எரிந்துபோன தோப்புகளில் சிலவற்றில் தீ அவ்வளவு கடுமையாக இருந்ததால் விதையும் கூம்போடு கருகிவிட்டது. தாய்மரமும் இல்லை. அங்கே நாற்று நடுவது என்று 2023-இல் பூங்காத் துறை முடிவு செய்தது. ஆனால் அந்தத் தோப்புகளில் பல, 1964-ஆம் ஆண்டின் சட்டப்படி வனாந்தரம். அங்கே மனிதன் கை வைக்கலாமா? நட்டு வளர்த்த மரங்கள் உள்ள இடத்தை வனாந்தரம் என்று சொல்ல முடியுமா? வனாந்தரத்தைக் காக்கவென்றே இருக்கும் அமைப்புகள் எதிர்த்தன, வழக்கும் தொடர்ந்தன. தானாக முளைப்பது முளைக்கட்டும், பொறுத்திருங்கள் என்பது அவர்கள் வாதம். பொறுத்திருந்தால் அங்கே புதரே மிஞ்சும், இந்தத் தீயை மூட்டியதில் நம் பங்கு இருக்கும்போது நாற்று நடுவதில் மட்டும் ஏன் தயக்கம் என்பது பூங்காத் துறையின் வாதம். விரல் நீள நாற்றுகள் அதற்குள் சில தோப்புகளின் சாம்பலில் இறங்கிவிட்டன.